பணியில் இறந்த காவலரின் குடும்பத்துக்கு: எந்தக் காகிதத்தோடு எங்கே போக வேண்டும்

என் அக்கா வீட்டுக்காரர் ஆயுதப்படையில் சேர்ந்து, அப்புறம் தாலுகா ஸ்டேஷனுக்கு மாறி, ஏட்டாக இருந்தவர். நெடுஞ்சாலையில் ராத்திரி வாகனத் தணிக்கையில் நின்றபோது லாரி மோதி அங்கேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அக்காவோடு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன், எஸ்.பி. அலுவலகம், தாலுகா ஆபீஸ், வங்கி, கருவூலம், கோர்ட் என்று போய்வந்தவன் நான். எது எங்கே கிடைக்கும் என்று ஒரே இடத்தில் சொல்ல யாரும் இல்லை. சொன்னவர்களும் பாதிப் பாதியாகச் சொன்னார்கள். தமிழ்நாடு காவல் துறையில் இருந்தவரின் குடும்பத்துக்கு என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்தியப் படைகளுக்கு விதிகளும் தொகைகளும் வேறு, அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் மூன்று நாள்

வீடு முழுக்க அழுகையாக இருக்கும். அந்த நேரத்தில் காகிதத்தைப் பற்றிப் பேசினால் அநாகரிகம் என்று தோன்றும், ஆனால் பின்னால் வரும் எல்லாப் பணமும் அந்த மூன்று நாளில் எழுதப்படும் நாலு வரியில்தான் நிற்கிறது. அதனால் குடும்பத்தில் ஒருவரை, மச்சினனோ தம்பியோ படித்த தங்கச்சியோ, காகிதத்துக்கு என்றே ஒதுக்கிவிடுங்கள். அவர் பந்தலையோ சாப்பாட்டையோ பார்க்க வேண்டாம். ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போய்வரட்டும்.

அவர் முதலில் படித்துப் பார்க்க வேண்டியது எஃப்.ஐ.ஆர். இறந்தவர் அந்த நிமிடம் பணியில் இருந்தார், இன்ன பணியில், இன்ன இடத்தில், இத்தனை மணிக்கு என்பது அதில் தெளிவாக இருக்கிறதா? எங்கள் மாமா விஷயத்தில் முதல் புகாரில் 'சாலையைக் கடக்கும்போது லாரி மோதி' என்று எழுதியிருந்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் எழுதவில்லை. நள்ளிரவில், கூட வேலை பார்த்தவர் கை நடுங்க, தோன்றியதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வரியைப் படிக்கும் வெளியாள் யாரோ பாதசாரி கவனமில்லாமல் ரோட்டைக் கடந்தார் என்றுதான் நினைப்பார். ஸ்டேஷன் ரைட்டர் ஒருவர்தான் அதைக் கவனித்து எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்று கூட நின்ற இரண்டு காவலர்களும் 'வாகனத் தணிக்கைப் பணியில் இருந்தபோது' என்று வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் விஷயம் நேரானது. அந்த ரைட்டரை இன்றைக்கும் எங்கள் வீட்டில் நன்றியோடு நினைக்கிறோம்.

எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது. அன்றைய பணி ஒதுக்கீடு, ஸ்டேஷன் பொதுநாட்குறிப்பில் அவர் எத்தனை மணிக்கு எந்தப் பணிக்குக் கிளம்பினார் என்ற பதிவு, வெளியூர் பந்தோபஸ்து என்றால் அனுப்பிய உத்தரவு, இவற்றின் நகல் வேண்டும் என்று எஸ்.பி.க்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகம். வாயால் கேட்டால் 'பார்க்கலாம்மா' என்பார்கள், மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கினால் அது ஒரு ஃபைலாகிவிடும். பணிக்குப் போகும் வழியில் அல்லது பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் இறந்தவர் என்றால் இந்தப் பதிவுகள் இன்னும் முக்கியம், ஏனென்றால் 'அது பணி நேரமா' என்ற கேள்வி கண்டிப்பாக எழும்.

பிரேதப் பரிசோதனை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மனசுக்குக் கஷ்டமான விஷயம்தான். விபத்து, கொலை என்றால் அது தானாக நடந்துவிடும். பந்தோபஸ்தில் நின்றவர் நெஞ்சு வலித்து விழுந்து இறந்தால்தான் பல குடும்பங்கள் 'அறுக்க வேண்டாம்' என்று உடலை வாங்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. அப்புறம் எதனால் இறந்தார், எங்கே விழுந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த நேரம், ஈ.சி.ஜி., டாக்டர் எழுதிய சீட்டு, யார் தூக்கிக்கொண்டு வந்தார் என்ற விவரம், இவ்வளவாவது வாங்கி வையுங்கள்.

அந்த நாட்களில் வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். உதவி செய்யத்தான் கேட்பார்கள், நல்லவர்களாகவும் இருப்பார்கள். இருந்தாலும் எழுதியதைப் படித்துவிட்டுப் போடுங்கள். அக்கா முதல் வாரத்தில் எத்தனை இடத்தில் கையெழுத்துப் போட்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. எந்த ஊரில் உயிர் போனதோ அந்த ஊரின் உள்ளாட்சியில்தான் பதிவாகும், சொந்த ஊரில் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் அங்கேயே பதிவு செய்துவிடுவார்கள், நீங்கள் பெயரை மட்டும் சரிபாருங்கள். தந்தை பெயர், வயது, மனைவி பெயர், முகவரி எல்லாம் பணிப்பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பத்து இருபது நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து, தாசில்தார் கொடுப்பார். இங்கேதான் பெரும்பாலானவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை. அக்காவுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், மாமாவின் பணிப்பதிவேட்டில் மூன்றாவதாக வீட்டில் கூப்பிடும் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே ஒன்றரை மாதம் போனது. எதை மாற்றுவது என்று கேட்டால் என் அனுபவத்தில் சொல்வேன்: பணிப்பதிவேட்டில் உள்ள பெயரை இனி மாற்ற முடியாது, இறந்தவர் வந்து கையெழுத்துப் போடவா முடியும். அதனால் வாரிசுச் சான்று வாங்கும்போதே 'இன்ன பெயர் என்கிற இன்ன பெயர்' என்று இரண்டையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். சான்று வந்த பிறகு திருத்துவது அதைவிடப் பெரிய வேலை.

சான்றில் அம்மா பெயர், அதாவது இறந்தவரின் அம்மா பெயர், விட்டுப்போகாமல் இருக்கட்டும். மாமியார் மருமகள் சண்டை இருக்கும் வீடுகளில் மறைத்துவிடப் பார்ப்பார்கள். அது நியாயமும் இல்லை, நிற்கவும் நிற்காது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் மூன்று தரப்பும் முதல் வகுப்பு வாரிசுகள். மறைத்து வாங்கிய சான்றை ஒரு மனுவில் ரத்து செய்துவிடலாம், அப்போது வந்துகொண்டிருக்கும் எல்லாப் பணமும் நின்றுபோகும்.

அறிவிப்பு வேறு, உரிமை வேறு

2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப் போய்ப் பிடித்த நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டபோதும் 1 கோடி ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தார்கள். டி.வி.யில் இதைப் பார்த்த எல்லோரும் பணியில் இறந்தால் கோடி ரூபாய் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள்கூட அக்காவிடம் அதைத்தான் கேட்டார்கள், அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

முதலமைச்சர் அறிவிக்கும் நிதி ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனியாக எடுக்கும் முடிவு. எப்படி இறந்தார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும், சில சாவுகளுக்கு அறிவிப்பே வராது. அறிவிப்பு வராவிட்டால் எஸ்.பி. வழியாகப் பரிந்துரை கேட்டு மனுக் கொடுக்கலாம், கொடுங்கள். ஆனால் அதை எதிர்பார்த்து மற்றவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். இனி நான் சொல்லப் போவது பெரும்பாலும் விதிப்படி உள்ளவை. யார் தயவும் தேவையில்லை, கேட்டு வாங்க வேண்டியதுதான்.

அரசு ஊழியர் குடும்பப் பாதுகாப்பு நிதி. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். 3 லட்சமாக இருந்ததை 5 லட்சமாக உயர்த்துவதாக 2021-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எப்படி இறந்தாலும் இது உண்டு, பணியில் இருக்கும்போது இறந்தால் போதும். முதலில் கைக்கு வருவதும் பெரும்பாலும் இதுதான். அடுத்து ஈட்டிய விடுப்பு, கணக்கில் இருந்தால் 240 நாள் வரைக்கும் பணமாகக் கிடைக்கும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவருக்குச் சேவைக் காலத்தைப் பொறுத்துப் பணிக்கொடை, பி.எஃப். இருப்பு. சிறப்புச் சேமநல நிதி என்று ஒன்றைச் சம்பளச் சீட்டில் சின்னத் தொகையாகப் பிடித்திருப்பார்கள், பலர் அதை மறந்தே போகிறார்கள், அதையும் கேளுங்கள். காவல் துறையின் சொந்த நலநிதியிலிருந்தும் உதவி உண்டு, எஸ்.பி. அலுவலகத்தில் நலப்பிரிவைப் பார்க்கிறவரிடம் விண்ணப்பம் கிடைக்கும். வீட்டுக் கடன் முன்பணம் வாங்கியிருந்தால், அந்தத் தவணையோடு குடும்ப நல நிதிக்கு என்று தனியாகப் பிடித்தம் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் மீதிக் கடன் தள்ளுபடிக்கு எழுதிக் கேட்கலாம்.

இவ்வளவுக்கும் ஒரு வழி சொல்கிறேன். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பிடித்தம் என்ற பக்கத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு பிடித்தத்துக்குப் பின்னாலும் ஒரு பணமோ ஒரு கடனோ இருக்கிறது. தெரியாத சுருக்கெழுத்து இருந்தால் சம்பளப் பிரிவு கிளார்க்கிடம் கேளுங்கள். மாமாவின் அஞ்சல் ஆயுள் காப்பீட்டை நாங்கள் இப்படித்தான் கண்டுபிடித்தோம், அக்காவிடம் அவர் சொன்னதே இல்லை.

மாத ஓய்வூதியம்

2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் வேலையில் சேர்ந்தவர் என்றால் பழைய ஓய்வூதிய விதிகள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கு அகவிலைப்படியும். ஏழு வருடத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவர் பணியிலேயே இறந்தால் தொடக்கத்தில் அதிகபட்சம் ஏழு ஆண்டுக்கு 50 சதவீதம், அப்புறம் 30-க்கு இறங்கும். இது எந்த அரசு ஊழியருக்கும் உள்ளது. கடமையைச் செய்யும்போது ஏற்பட்ட காயத்தால் இறந்தால் அசாதாரண ஓய்வூதியம் என்று தனி விதிகள் இருக்கின்றன. அது தானாக வராது. ஓய்வூதியக் கருத்துரு மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே, இது பணியில் நேர்ந்த சாவு, அந்த விதிகளின் கீழ் பரிசீலிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். முதலில் நான் சொன்ன எஃப்.ஐ.ஆர். வரியும் நாட்குறிப்பும் இங்கேதான் வேலை செய்யும்.

2003 ஏப்ரல் 1-லிருந்து சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறார்கள். இன்றைக்கு ஸ்டேஷனில் ஓடியாடி வேலை பார்க்கும் இளவயதுக் காவலர்கள் எல்லோரும் இதில்தான். சம்பளத்திலிருந்து 10 சதவீதம், அரசு அதே அளவு, இரண்டும் வட்டியோடு நியமனதாரருக்கு, அதாவது நாமினிக்கு, மொத்தமாகக் கிடைக்கும், அதோடு சரி. மாதாமாதம் வரும் பழைய குடும்ப ஓய்வூதியம் இந்தத் திட்டத்தில் இல்லை. இருபத்தெட்டு வயதுப் பையன் பணியில் செத்தால் அவன் மனைவிக்கு மாத வருமானம் இல்லை என்று இருந்தது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். 2026 ஜனவரியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்று புதிதாக அறிவித்திருக்கிறார்கள், அதில் குடும்ப ஓய்வூதியமும் பணிக்கொடையும் இருக்கின்றன. அதனால் இந்தப் பிரிவில் வருகிறவர்கள், இறந்த தேதிக்கு எந்த அரசாணை பொருந்தும் என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கேண்டீனில் யாரோ சொன்னதை நம்பி மொத்தத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

குடும்ப ஓய்வூதியம் முதலில் மனைவிக்கு, அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்கு 25 வயது வரை. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் ஆயுள் முழுக்க உண்டு, அந்தப் பிள்ளையின் பெயரையும் சான்றையும் இப்போதே ஃபைலில் சேர்த்துவிடுங்கள், அம்மா காலத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை யாரிடம் போய் நிற்கும். பணம் வரத் தொடங்கிய பிறகு வருடத்துக்கு ஒரு தடவை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும், கருவூலத்துக்கு நேரில் போகலாம், தபால்காரர் வீட்டுக்கே வந்தும் விரல்ரேகை எடுத்துக்கொள்வார்.

வங்கியில் கிடக்கும் காப்பீடு

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொகை பெரியது, தெரிந்தவர்கள் குறைவு. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு ஏழு வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டது. அந்த வங்கிகளில் அரசு ஊழியர் சம்பளக் கணக்கு வைத்திருந்து விபத்தில் இறந்தால் 1 கோடி ரூபாய், இயற்கையாக இறந்தால் ஆயுள் காப்பீடாக 10 லட்சம். மகளின் திருமணத்துக்கும் உயர்கல்விக்கும் தனியாகத் தொகை உண்டு. இதற்குப் பிரீமியம் எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் கணக்கு அந்தச் சம்பளத் தொகுப்புக்குள் (சேலரி பேக்கேஜ் என்பார்கள்) இருந்திருக்க வேண்டும், சும்மா சேமிப்புக் கணக்கில் சம்பளம் வந்துகொண்டிருந்தால் வாக்குவாதம் வரும். அந்தத் தேதிக்கு முன்னால் இறந்தவர்களும் விட்டுவிட வேண்டாம், சில வங்கிகள் அதற்கு முன்பே போலீஸ் சம்பளக் கணக்குக்கு விபத்துக் காப்பீடு வைத்திருந்தன.

வங்கிக்குப் போகும்போது கவுன்ட்டரில் கேட்காதீர்கள், நேராக மேலாளரிடம் போய் எழுத்தில் தகவல் கொடுங்கள், இறந்த சில நாட்களுக்குள்ளேயே. காப்பீட்டு நிறுவனம் தாமதத்தைக் காரணம் காட்ட இடம் கொடுக்கக் கூடாது. நாங்கள் முதலில் போனபோது எதிரில் இருந்தவருக்கே அப்படி ஒரு திட்டம் இருப்பது தெரியவில்லை. மறுத்தால் மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் பாஸ்புக்கை எடுத்து மே மாதக் கடைசியையும் ஜூன் தொடக்கத்தையும் பாருங்கள். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, 2 லட்சம். 436 ரூபாய் பிடித்திருந்தால் ஆயுள் காப்பீடு, அதுவும் 2 லட்சம். இரண்டும் பிரதமர் பெயரில் உள்ள திட்டங்கள். அவருக்கு வேறு வங்கிகளில் பழைய கணக்கு இருந்தால் அவற்றையும் பாருங்கள்.

சாலை விபத்து என்றால் கோர்ட்டும் உண்டு

அரசுப் பணம் வாங்கியாயிற்றே, கேஸ் எதற்கு என்று பல காவலர் குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. தவறு. மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பது முற்றிலும் வேறு உரிமை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து சட்டம் சொல்கிறது. தாமதமான மனுக்களை அந்தக் காரணத்துக்காக மட்டும் தள்ள வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது, என்றாலும் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். குடும்ப ஓய்வூதியம், பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுத் தொகை வந்தது என்பதற்காக இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, உங்கள் வக்கீலுக்கு அது தெரிந்திருக்கும்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் அடையாளம் தெரியாத வாகன விபத்துத் திட்டத்தில் 2 லட்சம். காவல் துறை வண்டியே கவிழ்ந்து, பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறந்தாலும் கேட்கலாம், அரசு பொறுப்பேற்க வேண்டும். ஆனால் அவரே பைக் ஓட்டிப்போய் விழுந்தார் என்றால் எஃப்.ஐ.ஆரில் 'அவருடைய அஜாக்கிரதையால்' என்று எழுதிவிடுகிற வழக்கம் இருக்கிறது. ரோட்டில் பள்ளம் இருந்ததா, மாடு குறுக்கே வந்ததா, எதிரே வண்டி வந்து ஒதுங்கினாரா என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள். பிணத்தின் மேல் பழியைப் போட்டு ஃபைலை மூடுவது எளிது, அவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அங்கே இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இழப்பீட்டில் பாதி எனக்கு என்று பேரம் பேசுகிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

கருணை அடிப்படையில் வேலை

இறந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும். வேலை எப்போது கிடைக்கும் என்பது வேறு, விண்ணப்பம் அதற்குள் பதிவாகியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கிறவருக்கு 18 வயதும் ஆகியிருக்க வேண்டும். இதில் குடும்பங்கள் செய்யும் பெரிய தப்பு, 'மகன் படித்து முடிக்கட்டும், அவனுக்கே வாங்கிக்கலாம்' என்று உட்கார்ந்துவிடுவது. அப்பா இறக்கும்போது பையனுக்கு பன்னிரண்டு வயது என்றால் அவன் 18-ஐத் தொடும்போது மூன்று வருடம் எப்போதோ முடிந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் அம்மாதான் போட வேண்டும். அக்கா பத்தாவதோடு நின்றவள், எனக்கு எதுக்குடா வேலை என்று ஒரு வருடம் மறுத்தாள். இப்போது அரசு அலுவலகம் ஒன்றில் இருக்கிறாள், டீ இடைவேளையில் என்னிடம் ஊர்க்கதை பேசுகிறாள்.

மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும், அதற்காகத்தான் வீட்டுக்குள் சண்டை வேண்டாம் என்று சொல்கிறேன். குடும்பத்தில் ஏற்கெனவே அரசு வேலையில் யாராவது இருந்தால் அதை மறைக்காதீர்கள், விசாரணையில் வெளியே வந்துவிடும். காவல் துறையில் இளநிலை உதவியாளர் போன்ற அமைச்சுப் பணிகளோடு, ஸ்டேஷன்களில் தகவல் பதிவு உதவியாளர் மற்றும் வரவேற்பாளர் என்ற பணியும் வாரிசுகளுக்குத் தரப்படுகிறது. பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் போலீசிலேயே சேர ஆசை இருந்தால் சீருடைப் பணியாளர் தேர்வில் காவலர் வாரிசுகளுக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அது இந்தக் கருணை வேலையிலிருந்து வேறு.

பிள்ளைகள் படிப்புக்குத் துறை நலநிதியில் வருடா வருடம் உதவித்தொகை உண்டு. பயங்கரவாதிகள், நக்சல்கள் தாக்குதலில் இறந்த மாநிலப் போலீசார் பிள்ளைகளுக்கு பிரதமர் கல்வி உதவித்தொகையை 2019-இல் விரிவாக்கினார்கள், மாதம் மகனுக்கு 2,500, மகளுக்கு 3,000.

குவார்ட்டர்சில் இருக்கிறவர்கள் காலி செய்யச் சொல்வதற்கு முன்பே, பள்ளி ஆண்டு முடியும் வரையாவது இருக்க அனுமதி கேட்டு எஸ்.பி.க்கு எழுதுங்கள். பிள்ளையைப் பாதி வருடத்தில் பள்ளியை விட்டுப் பிடுங்குவது எந்த அதிகாரிக்கும் பிடித்த வேலை இல்லை, கேட்டால் பெரும்பாலும் மனசு வைப்பார்கள்.

பேட்ச் பணம்

மாமாவோடு ஒரே வருடத்தில் பயிற்சி முடித்தவர்கள் வாட்ஸாப்பில் ஒரு குழுவாக இருந்தார்கள். ஆளுக்கு 500 ரூபாய். மாநிலம் முழுக்க, மாமாவை ஒருதரம்கூடப் பார்க்காதவர்களும் அனுப்பினார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு நாலு பேர் வந்து பிள்ளைகள் பெயரில் வைப்புத்தொகைப் பத்திரமாகவே கொடுத்தார்கள், கையில் பணமாகக் கொடுக்கவில்லை. அந்த யோசனை யாருடையது என்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பத்திரம்தான் இன்றைக்கும் தொடாமல் இருக்கும் ஒரே பணம். பணமாகக் கொடுக்க வந்தால் நீங்களே கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் பெயரில் போட்டுத் தர முடியுமா என்று.

ஃபைல் நகராவிட்டால்

ஒரு நோட்டு வாங்கி, எந்தத் தேதி, எந்த அலுவலகம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், என்ன கொடுத்தோம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கள் ஃபைல் ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் கிடந்தது. கேட்ட போதெல்லாம் 'மேலே அனுப்பியாச்சு' என்றார்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எந்தத் தேதியில் எந்த எண்ணில் அனுப்பினீர்கள் என்று ஆர்.டி.ஐ. போட்டோம். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வருவதற்கு முன்பே ஃபைல் நிஜமாகவே மேலே போய்விட்டது. முதல்வரின் முகவரித் துறைக்கு 1100-இல் மனுப் போடலாம், எஸ்.பி.யின் குறைதீர் நாளில் நேரில் போகலாம். தகுதி இருந்தும் மறுத்துவிட்டால் உயர் நீதிமன்றம், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. கோபத்தில் கிளார்க்கோடு சண்டை மட்டும் போடாதீர்கள், அதே மேஜைக்கு இன்னும் நாலு தடவை போக வேண்டியிருக்கும்.

நியமனதாரர் விஷயம்தான் வீட்டை உடைப்பது. மாமா கல்யாணத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவர், எல்லாவற்றிலும் அவர் அம்மா பெயரைப் போட்டிருந்தார். பதினைந்து வருடம் மாற்றவே இல்லை. காப்பீட்டில் நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்கிறவர் மட்டும்தான், அது வாரிசுகள் எல்லோருக்கும் சேரும் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பெற்றோரோ மனைவியோ பிள்ளையோ நியமனதாரராக இருந்தால் பணம் அவருக்கே உரியது என்று வாதிட இடம் இருக்கிறது, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படி இருந்தாலும் தீர்ப்பைக் காட்டி அத்தையிடம், அதாவது மாமாவின் அம்மாவிடம், பணம் கேட்க முடியுமா? ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்து உட்கார்ந்து பேசி, அத்தைக்கு ஒரு பங்கு அவர் பெயரிலேயே வங்கியில் போட்டு, மீதியைப் பிள்ளைகளுக்கு என்று எழுதிக்கொண்டோம். மகனை இழந்தது அவரும்தானே.

பணியில் இருக்கும் காவலர் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை எஸ்.பி. அலுவலகம் போகும்போது பணிப்பதிவேட்டை வாங்கி நியமனப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மனைவி பெயர் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, இரண்டாவது பிள்ளையைச் சேர்த்திருக்கிறதா, சம்பளக் கணக்கு அந்தத் தொகுப்பில் இருக்கிறதா. பார்த்துவிட்டு, காப்பீட்டுப் பத்திரம் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.